தாரை வார்க்க வேண்டிய தாய்மாமன்

குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை. அதற்குள்ளே முன்னறையிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். செண்பகவல்லி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

தாணுமாலையன் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு கன்னமும் மறுபடி ஊதிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு புடைத்து, முஷ்டி இறுகி, ஆள் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை மேலே கிளம்பியிருந்தார். தெரியாதவர்கள் பார்த்தால், ஐயோ பாவம், மனுஷனுக்கு மலச்சிக்கல் என்று கடுக்காய்ப் பொடி வாங்கி வந்துவிடுவார்கள்.

“மூச்சை விடுங்கோ!” என்றாள் அவள்.

விட்டார். மறுபடியும் ஒரு ‘புஸ்ஸ்’.

“எத்தனை மட்டம் சொல்லுகது? மூச்சை அடக்கப்பிடாது, வயித்தை எக்கப்பிடாது, தொடையை நெருக்கப்பிடாது.”

“பின்னே எதைத்தான் செய்யணும்ங்கே? செய்யப்பிடாததை எல்லாம் வரிசையா சொல்லுகே. செய்ய வேண்டியதைச் சொல்ல மாட்டேங்கே.”

“சொன்னேனே, உள்ளே இறுக்கணும்னு.”

“எதுக்குள்ளே?”

“உள்ளேன்னா உள்ளே.”

“அரிசி எங்கடேன்னு கேட்டா மூட்டைக்குள்ளேங்க கணக்கால்லா இருக்கு. எந்த மூட்டை?”

அவள் விடுவிடுவென்று அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

தாணுமாலையனுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் அரிசி, பயறு மொத்த வியாபாரம். அவர் கடையிலிருந்து கூப்பிட்டால் தெருக்கோடியில் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான்; அப்படி ஒரு குரல். சித்திரை மாதம் ஒரு ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தட்டி, புராஸ்டேட் சுரப்பியில் புற்று தொடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, நேரத்தோடு கண்டது. சுரப்பியை அறுத்து எடுத்தாயிற்று. “பயப்பட ஒண்ணும் இல்லை. சிறுநீர் மட்டும் கொஞ்ச காலம் சொட்டும். அடியிலே தாங்குகிற தசையைப் பயிற்சி செய்து பலப்படுத்தினால் போதும்” என்று டாக்டர் சொன்னார். செண்பகவல்லி அன்றைக்கே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உயிர் தப்பியது பெரிதா, நாலு சொட்டு பெரிதா? அவளுக்கு உயிர் பெரிது. அவருக்குச் சொட்டுதான் பெரிது.

பயிற்சி சொல்லிக்கொடுக்க அதே ஆஸ்பத்திரியில் சுஜா என்று ஒரு பெண். பாறசாலைப் பக்கம். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி கண்ணும் மூக்கும், வாயில் தமிழும் மலையாளமும் சரிபாதி. அந்தப் பெண் குரலைக்கூடத் தாழ்த்தாமல், தசை இன்ன இடத்தில் இருக்கிறது என்று தொடங்கியதுதான் தாமதம், தாணுமாலையன் எழுந்துவிட்டார். “கடையில இருந்து போன் வருது” என்று வெளியே போனார். போன் செண்பகவல்லியின் பைக்குள் இருந்தது. கதவுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, “நீ படிச்சிட்டு வா செம்பகம். நான் வீட்டில வச்சு கேட்டுக்கிடுகேன்” என்று மட்டும் சொன்னார்.

அவருடைய வியாபாரத்தில் அது நடைமுறைதான். வெளியூர் மில்லுக்கு ஆள் அனுப்புவார். அவன் மாதிரிக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவருவான். இவர் இங்கே இருந்தபடியே இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து விலையை முடிப்பார். மில் வாசலை மிதித்ததே கிடையாது. இதற்கும் அதே ஏற்பாடு என்று நினைத்துவிட்டார். அரிசிக்கு மாதிரி உண்டு. தசைக்கு மாதிரி எங்கே போய் எடுத்து வருவாள் அவள்?

படித்தாள், நன்றாகவே படித்தாள். “கியாஸ் வெளியே போகாம பிடிக்கும்போ எது இறுகுதோ, மூத்திரத்தை நிறுத்தும்போ எது மேலே போகுதோ, அதுதான் அம்மா. மெல்ல மேலே தூக்கணும், பிடிக்கணும், முழுசா விடணும். மூச்சு எப்பவும் போல போகணும் கேட்டோ” என்று சுஜா சொல்லச் சொல்ல, உட்கார்ந்த இடத்தில் செய்தே காட்டிவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்து அதை இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? கல்யாணமாகி இத்தனை காலத்தில் உடம்பின் அந்தப் பிரதேசத்துக்கு இருவரும் பேர் சொன்னதில்லை. ‘அங்கே’, ‘கீழே’, ‘உள்ளே’ என்று மூன்றே மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினாள். அவரும் கையில் அகப்பட்ட தசையை எல்லாம் இறுக்கினார்.

போதாததற்குச் சொந்த யோசனைகள் வேறு. நாள் முழுக்கப் பிரித்துச் செய்யவேண்டியதைக் காலைக் காப்பி குடித்ததும் ஒரே மூச்சில் செய்து முடித்துவிடுவார். “சில்லறையா செய்யுக சோலி நமக்கு வராது” என்பார். சாயங்காலம் தசை ஓய்ந்து, கொடியில் வரிசையாக வேட்டி காயும். அப்புறம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். “வரவு இருந்தால்லா செலவு?” ஈரத்தை உறிஞ்சப் பேடு வைத்துக்கொள்ளச் சொன்னால், தொளதொளவென்ற அந்தப் பட்டாபட்டி டவுசருக்குள் அது எங்கே நிற்கும்? வைத்த இடம் ஒன்று, முழங்காலுக்கு வந்து சேரும். இறுக்கமாக ஜட்டி வாங்கிக் கொடுத்தாள். “இதெல்லாம் காலேஜ் பயக்களுக்கு உள்ளது” என்று பீரோவில் போட்டார்.

பருப்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து உலகம்மை, தாணுமாலையனுடைய தங்கை.

“மைனி, அண்ணன்கிட்ட போனைக் குடுங்க.”

தாணுமாலையன் குளியலறை வாசலில் நின்று, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

“குளிக்காரு உலகு.”

“எப்ப கூப்பிட்டாலும் குளிக்காரு. அண்ணன் என்ன மனுசனா, மீனா?” உலகம்மையின் குரல் சட்டென்று இறங்கியது. “மைனி, ஆவணியில கல்யாணம். பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்க எனக்கு யாரு இருக்கா? இவ அப்பா இருந்தா நான் ஏன் தொங்குகேன்? அண்ணனும் நீங்களும் மணையில இருந்தாத்தான் உண்டு. இல்லேன்னா கொழுந்தன் உமாசங்கர் கால்ல போய் விழணும். இருக்க வீட்டை விட்டு எங்களை எறக்க கோர்ட்டுக்குப் போனவன் கையால எம்பிள்ளையைக் குடுக்கணுமா, சொல்லுங்க.”

“அப்படி எல்லாம் வராது.”

“பின்னே ஏன் அண்ணன் வாயே தொறக்க மாட்டேங்கு? ஹெர்னியா ஆப்பரேஷன் செஞ்சவன் எல்லாம் இந்நேரம் மூட்டை தூக்குகான்.”

ஹெர்னியா என்பது தாணுமாலையன் ஊருக்கு அவிழ்த்துவிட்ட கதை. செண்பகவல்லி, “நான் பேசிட்டு கூப்பிடுகேன்” என்று வைத்துவிட்டாள்.

“கேட்டேளா? உலகு அழுகா.”

“முடியாதுன்னு சொல்லிரு.”

“ஏன் முடியாது? காரணத்தைச் சொல்லுங்கோ.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, ஆரியசாலைக்கே கேட்கிற அந்தக் குரல், அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்காதபடி வந்தது. “மணையில சம்மணம் போட்டு இருக்கணும். நீ கிண்டியைச் சரிச்சு தண்ணியை ஊத்துவே. பைப்பில தண்ணி விழுக சத்தம் கேட்டாலே எனக்கு இங்க நிக்க மாட்டேங்கு, செம்பகம். தாரை வாக்குத நேரத்துல, வெள்ளை வேட்டியில, அத்தனை சனம் பாக்க… வீடியோக்காரன் வேற லைட்டைப் போட்டுக்கிட்டு நிப்பான்.”

பாவம், இதையா இத்தனை நாள் உள்ளுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்? தோளில் கை வைக்கப் போனாள்.

“உமாசங்கரே வாக்கட்டும்” என்றார் அவர்.

வைக்கப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பழவங்காடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சுஜாவிடம் போய் நின்றாள். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. “சார் எங்கே?”

“வரல்லே மோளே. நீ இன்னொரு மட்டம் எனக்குச் சொல்லித் தா. நான் போய்…”

“அம்மா, ஆப்பரேஷன் ஆருக்கு? அம்மாவுக்கோ?”

“அவருக்கு வெக்கம்.”

“அம்மா நீந்தப் படிச்சிட்டு, போய் சார்கிட்ட சொன்னா சார் நீந்துவாரோ?” சுஜா சிரிக்காமல் கேட்டாள். “அவர் செய்யறது சரியா தப்பான்னு நான் பார்க்கணும். கூட்டிட்டு வரணும், கேட்டோ. ஒரு மட்டம் வந்தா போதும்.” பிறகு சற்று நெருங்கி உட்கார்ந்தாள். “அம்மா தினமும் செய்து காட்டுறீங்க அல்லே? அம்மாவுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?”

செண்பகவல்லி கைப்பையின் வாரைத் திருகினாள். வித்தியாசம் தெரிந்தது. போன வாரம் மிளகாய் வற்றல் வறுக்கும்போது அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. வழக்கம்போல் காலைப் பின்னிக்கொண்டு அடுப்புத் திண்டைப் பிடித்தாள். தும்மி முடித்துப் பார்த்தால், ஒன்றும் நடக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒன்றுமே நடக்கவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மிளகாயை இடிக்கப் போய்விட்டாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு மோளே” என்று எழுந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது தாணுமாலையன் மகனோடு போனில் இருந்தார். கடையை இப்போது செல்வகணேஷ்தான் பார்க்கிறான். “அத்தைகிட்ட சொல்லிரு மக்கா. அப்பாவுக்கு நடுவு வலி, இடுப்பை மடக்கி கீழே குத்த வைக்க முடியாதுன்னு சொல்லு. டாக்டரு சொன்னாருன்னு சேத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டே. செண்பகவல்லி போனை அவர் காதிலிருந்து பிடுங்கி, “நான் பொறவு பேசுகேன்லே” என்று அணைத்து, கட்டிலில் எறிந்தாள்.

“முதல்ல ஹெர்னியா. இப்ப நடுவு வலி. அடுத்து என்ன, பேதியா?”

“எங்கஷ்டம் ஒனக்குத் தெரியாது.”

“தெரியாதா? எனக்கா?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ஒங்களுக்கு ரெண்டு மாசம். எனக்கு செல்வகணேஷைப் பெத்த நாள் முதக்கொண்டு.”

“என்னது?”

“தும்மினா போகும். இருமினா போகும். கொடத்தைத் தூக்கினா போகும். எவளாவது சிரிப்பு காட்டினா முடிஞ்சு. நான் எந்தக் கல்யாணத்துக்கு வரல்லே? எந்தச் சாவுக்குப் போகல்லே? ஒங்க அம்மை செத்த பொறவு பதினாறாம் நாள் அடியந்திரம் வரைக்கும் சனத்துக்கு நின்னு சோறு வெளம்பினது ஆரு? சேலைக்குள்ளே துணியை மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் வெளம்பினேன். கருப்புச் சேலை, ஊதாச் சேலையா பாத்து எடுக்கேனே, ஏன்னு நெனச்சீங்க, அழகுக்கா?”

தாணுமாலையன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். “நீ சொன்னதே இல்லியே.”

“பொம்பளையளுக்கு எல்லாம் உள்ளதுதான்னு எங்க அம்மை சொன்னா. அவளுக்கும் இருந்துது. இதை டாக்டர்கிட்ட போய் கேக்கலாம்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, இருபது வயசுப் பிள்ளை காலைப் பிடிச்சாவது படிச்சிருப்பேன். ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆளு இருக்கு, மருந்து இருக்கு, வண்டி வச்சு கூட்டிட்டுப் போக மகன் இருக்கான். நீங்க கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு என்னை உள்ளே தள்ளுகியோ!”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே மீன்காரன் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். தாணுமாலையன் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

“இப்பவும் போகுதா?”

“இப்ப கொறஞ்சிருக்கு.”

“எதனால?”

“எதனாலயா? தினமும் ஒங்களுக்குச் செஞ்சு காட்டுகேனே, அதனால.”

அவர் நெற்றி சுருங்கியது. வியாபாரத்தில் ஏமாந்தவன் கணக்குப் பார்ப்பதுபோல் விரலை மடக்கினார். “சரக்கெடுக்க ஆளனுப்பினா, அவ லோடை அவ வீட்டிலேயே எறக்கிட்டாளே!”

கோபத்தின் நடுவிலேயே செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. “எந்திரிங்கோ. சட்டையைப் போடுங்கோ. இன்னைக்கே போறோம்” என்றாள்.

சுஜாவின் அறையில் தாணுமாலையன் சுவர்க் காலண்டரில் இருந்த படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் செய்து காட்டியதைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையில் கை வைத்தாள்.

“சார், இது அரிசி மூட்டை தூக்கறது. தசை உள்ளே இருக்கு. நீங்க வெளியே ஆளைக் கூட்டறீங்க. சார் கரமனை ஆத்துல குளிச்சதுண்டா? விடியக்காலத்து தண்ணியில இடுப்பளவு இறங்கினா, ஆண்பிள்ளையளுக்கு எல்லாம் தன்னால உள்ளே ஏறும் அல்லே? அந்த இழுப்புதான். அது மட்டும் போதும்.”

தாணுமாலையனுடைய காது இரண்டும் சிவந்தன. செண்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆனால் ஒரு நிமிஷம் கழிந்து, “ஓ” என்றார் அவர். “ஓ, இதா? இந்த எளவா?”

“அதேதான்! இனி மூச்சு. மனசுக்குள்ளே எண்ண வேண்டாம். உரக்க எண்ணுங்க. குரல் வந்தா மூச்சு நிக்காது.”

தொண்டையைச் செருமினார். “லாபம்… ரெண்டு… மூணு…”

“அது எந்தாணு, லாபம்?”

“நெல்லு, அரிசி அளக்கும்போ முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க மோளே. லாபம்னுதான் தொடங்கணும்” என்று செண்பகவல்லி விளக்கினாள்.

“லாபமோ நஷ்டமோ, மூச்சு போய் வந்தா போதும்” என்றாள் சுஜா. “தும்மும்போ, இருமும்போ, எந்திரிக்கும்போ, அதுக்கு முன்னால ஒண்ணு இறுக்கிக்கணும். தண்ணி நல்லா குடிக்கணும். ஒரேயடியா செய்யப்பிடாது. அம்மாவும் நிறுத்தப்பிடாது.”

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் நிம்மதியாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்விட்டு எண்ணலாம் என்று அனுமதி கிடைத்ததும், அந்த மனுஷன் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் சந்தை அளப்பது மாதிரி அளந்தார். அடுத்த வீட்டு ஜெயலக்ஷ்மி மதில் மேல் தலையை நீட்டி, “மாமா வீட்டில வச்சே அரிசிக் கச்சவடம் தொடங்கியாச்சோ?” என்று கேட்டாள். இவள் செய்கிறாளா என்று வேறு கண்காணித்தார். தோசை வார்க்கிறவளிடம் வந்து, “செம்பகம், மூச்சை விடு” என்பார். அவளுக்குத் தோசைத் திருப்பியை எறியலாம் போல் இருக்கும். ஆனால் கொடியில் வேட்டி குறைந்தது. பீரோவில் கிடந்த ஜட்டி வெளியே வந்தது. முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. தரையிலிருந்து எழும்போது மட்டும் அவ்வப்போது காலை வாரியது. உலகம்மைக்கு அவரே போன் செய்து, “நான் வாறேன். அந்த உமாசங்கர் பக்கம் திரும்பிப் பாக்காதே” என்று சொன்னார்.

கல்யாணத்தன்று விடியவே நாகர்கோவிலுக்குக் காரில் ஏறினார்கள். களியக்காவிளையில் ஒரு நிறுத்தம், மார்த்தாண்டத்தில் ஒரு நிறுத்தம். செல்வகணேஷ் ஒன்றும் கேட்காமல் வண்டியை ஓரங்கட்டினான்.

மணையில் இருவரும் உட்கார்ந்தார்கள். வீடியோக்காரனுடைய வெளிச்சம் நேரே அவர் மடியில் விழுந்தது. உமாசங்கர் முதல் வரிசையில், பட்டுத் துண்டும் தானுமாக, தேவைப்பட்டால் நான் இருக்கிறேன் என்ற தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, பொண்ணு கையைப் பிடியுங்கோ. அம்மா கிண்டியை எடுங்கோ” என்றார் ஐயர்.

மணப்பெண் திவ்யலட்சுமியின் கை சில்லென்று இருந்தது. மாமன் அதை மாப்பிள்ளையின் கைமேல் சேர்த்து, தன் கையையும் மேலே வைத்தார். செண்பகவல்லி கிண்டியை எடுத்தாள். சத்தம் கேட்கக்கூடாதே என்று நூல் மாதிரி ஊற்றினாள்.

“தாராளமா ஊத்துங்கோ அம்மா. தாரை அறுந்துடப்படாது.”

ஐயரை அவள் பார்த்த பார்வையில் ஹோமம் தானாகப் பற்றியிருக்கும். வேறு வழியில்லை. கிண்டியைச் சரித்தாள். தண்ணீர் சளசளவென்று அவர் கைமேல் விழுந்து, பெண்ணின் கை, மாப்பிள்ளையின் கை என்று இறங்கித் தாம்பாளத்தில் நிறைந்தது. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு புடைக்கவில்லை. உதடு லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேளம் கொட்டியது. உலகம்மை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எந்திரிக்கலாம்” என்றார் ஐயர்.

கை கொடுக்க வந்தவர்களை அவர் நிற்கச் சொன்னார். ஒரு கணம் கண்ணை மூடினார். எழுந்தார். செண்பகவல்லி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. வேட்டியின் பின்புறத்தைத்தான் பார்த்தாள். தும்பைப் பூ மாதிரி இருந்தது.

அவர் குனிந்து அவள் காதில் சொன்னார். “கொஞ்சம் போச்சு. பேடு பிடிச்சுக்கிட்டுது.”

“சரி, மெதுவா எறங்கி…”

அவள் சொல்லி முடிக்கவில்லை. மேளம் நின்ற நேரம் பார்த்து, மண்டபத்தின் மறுகோடியில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, தாணுமாலையன் ஆரியசாலைக் குரலில் கூப்பிட்டார். “ஏ தம்பி! கக்கூசு எந்தப் பக்கம்டே?”

மண்டபமே திரும்பியது. உலகம்மை ஓடி வந்தாள். “அண்ணே, என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல்லே. ஹெர்னியா எல்லாம் சும்மா சொன்னது உலகு. புராஸ்டேட்டை எடுத்தாச்சு, அதான் நிக்க மாட்டேங்கு. நீ போய் பந்தியைப் பாரு, இப்ப வாறேன்.”

உலகம்மை வாயில் கையை வைத்தபடி மைனியைப் பார்த்தாள். மைனி கிண்டியைப் பார்த்தாள். இந்த மனுஷன் பொத்தி வைத்தாலும் பொல்லாப்பு, திறந்துவிட்டாலும் பொல்லாப்பு.

படி இறங்கியவரை முதல் வரிசையில் இருந்த நீலகண்டன், உலகம்மையின் பெரிய மாமனார், முழங்கையில் பிடித்து நிறுத்தினார். “நில்லும் வே. ஒமக்குமா? எனக்கு ஆப்பரேஷன் ஆகி வருசம் ஒண்ணு. இன்னும் நின்னபாடில்லே.”

“ஆரும் சொல்லித் தரல்லியா? இங்க பாரும்.” தாணுமாலையன் நின்றேவிட்டார். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையால் காற்றில் எதையோ மேலே இழுத்துக் காட்டினார். “மூட்டை தூக்கப்பிடாது. ஆத்துல எறங்கும்போ உள்ளே ஏறும்லா, அந்த இழுப்பு. மூச்சை அடக்கவே அடக்கப்பிடாது, கேட்டீரா? வாய்விட்டு எண்ணணும்…”

உமாசங்கர்கூட நாற்காலியை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

செண்பகவல்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மணவறை என்றும் பார்க்கவில்லை, சம்பந்தி வீட்டார் என்றும் பார்க்கவில்லை. கிண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்.

“பாடம் பொறவு எடுக்கலாம்! முதல்ல போயிட்டு வாங்கோ!”